செப்டம்பர் பிராக்டிகல்

ஐம்பதுகளின் நடுவில் சேலத்தில் இன்டர்மீடியட் படித்தேன். படித்தேன் என்பதைவிட, இரண்டு வருஷம் அதைச் சுமந்தேன் என்று சொல்வதுதான் சரி. பள்ளிக்கூடம் முடித்தவன் பட்டப் படிப்புக்குப் போக வேண்டுமானால் அந்த இரண்டு வருஷத்தைத் தாண்டியே ஆக வேண்டும். நாமக்கல்லில் எல்லாப் பாடத்தையும் தமிழில் படித்துவிட்டுப் போனவனுக்கு, கல்லூரியில் முதல் மணியிலிருந்தே எல்லாம் இங்கிலீஷ். பிசிக்ஸ் வகுப்பில் விரிவுரையாளர் பேசப் பேச, நான் கரும்பலகையில் இருந்த படங்களை மட்டும் வரைந்துகொண்டிருப்பேன். படத்துக்கு இங்கிலீஷ் தேவையில்லை அல்லவா? ராத்திரியும் பகலும் நெட்டுருப் போட்டேன். எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்க வெட்கமாக இருந்தது. கேட்டிருந்தால் பாதிக் கஷ்டம் குறைந்திருக்கும்.

இருந்தும் மற்ற எல்லாவற்றிலும் தேறிவிட்டேன். பிசிக்ஸில் மட்டும் போயிற்று. அதிலும் எழுத்துத் தாள்களில் தப்பித்து, செய்முறைப் பரீட்சையில், எல்லாரும் பிராக்டிகல் என்று சொல்கிற அதில், விழுந்தேன். மார்க் பட்டியலைக் கையில் வாங்கியபோது எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நெட்டுருப் போட்டதெல்லாம் நின்றது, கையால் செய்தது விழுந்தது. கை வேலை தெரியாதவன் என்று ஒரு விவசாயி மகனைச் சொன்னால் அவனுக்கு எப்படி இருக்கும்?

எங்கள் காடு பரமத்திக்கு மேற்கே மேட்டு நிலம். வாய்க்கால் பாய்ச்சல் இருக்கிற காவிரிக்கரை வேலூர்ப் பக்கத்துக்காரர்கள் வெற்றிலையும் வாழையும் வைப்பார்கள். எங்களுக்கு நிலக்கடலையும் சோளமும்தான். கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்க அப்பா ஒருவர்தான். செய்தி சொன்னதும் அவர் மாட்டை நிறுத்தினார், திட்டவில்லை.

"இன்னொருக்கா எழுதலாமா?"

"செப்டம்பர்ல எழுதலாமுங்கப்பா."

"எழுது சாமி. ஆனா அந்த ஒருக்காத்தான். அதுலயும் போச்சுன்னா பொஸ்தவத்தக் கட்டி வெச்சுப்போட்டு காட்டுக்கு வந்துரு. ஒண்டியா என்னால முடியறதில்ல."

அவர் சொன்னதில் கோபம் துளியும் இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவருடைய முதுகு வளைந்துவிட்டதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு என்ன சொல்ல? செப்டம்பரில் தேற வேண்டும், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் இந்தக் கிணற்று மேடு. அன்றைக்கு முடிவானது இவ்வளவுதான்.

அந்த முதல் பரீட்சையில் நடந்தது இது. எனக்கு வந்த சோதனை தனி ஊசல். ஒரு நூலில் பித்தளைக் குண்டைத் தொங்கவிட்டு ஆட்டிவிட வேண்டும். குண்டு போய்த் திரும்பி வருவது ஓர் ஆட்டம். இருபது ஆட்டத்துக்கு எத்தனை வினாடி என்று பார்த்து, நூலின் நீளத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால் பூமி எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று தெரியும். தொள்ளாயிரத்து எண்பதுக்குக் கிட்டே வர வேண்டும். இதைவிடச் சுலபமான சோதனை அந்த ஆய்வுக்கூடத்தில் கிடையாது. எனக்கு ஆயிரத்து எண்பத்தாறு வந்தது. மறுபடி செய்தேன். ஆயிரத்து எண்பத்து நாலு. பக்கத்து மேஜைக்காரன் எட்டிப் பார்த்து, "மாத்தி எழுதுடா, பைத்தியமா?" என்று முணுமுணுத்தான். நான் மாற்றவில்லை. யோக்கியன் என்பதால் அல்ல. நான் எண்ணி ஒன்று தப்பாகப் போகும் என்பதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊரில் களத்தில் வள்ளம் என்கிற படியால் கடலை அளக்கிற வேலை எனக்குத்தான் வரும். பன்னிரண்டு பதின்மூன்று வயதிலிருந்தே அப்படி. நூறு வள்ளம், இருநூறு வள்ளம் என்று போனாலும், நடுவில் யார் வந்து என்ன பேச்சுக் கொடுத்தாலும் எனக்கு எண்ணிக்கை தவறாது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள்கூட என்னைக் கூப்பிட்டு அளக்கச் சொல்வார்கள். இங்கிலீஷில் நான் தடுமாறலாம், எண்ணுவதில் தடுமாறுவேனா? குண்டில் கோளாறு, கடிகாரத்தில் கோளாறு, பரீட்சகர் கண்ணில் கோளாறு என்று மே மாதம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அதோடு விட்டேனா? மாட்டுக் கொட்டகை உத்தரத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, நுனியில் கல்லைத் தொங்கவிட்டு, அப்பாவின் சகலையிடம் கைக்கடிகாரம் இரவல் வாங்கி, மத்தியானம் மத்தியானமாக ஆட்டிப் பார்த்தேன். அங்கேயும் ஆயிரத்து எண்பது சில்லறை. மாடுகள் அசைபோட்டுக்கொண்டு என்னையே பார்த்தன. கொஞ்ச நாள், எங்கள் ஊர் மண்ணுக்குக் கீழே ஏதோ கனமான பாறை இருக்கிறது, அது குண்டைக் கூடுதலாக இழுக்கிறது என்றுகூட நம்பினேன். இரண்டு வருஷம் பிசிக்ஸ் படித்தவன் நம்புகிற விஷயமா அது? களைத்துப் போனவன் எதை வேண்டுமானாலும் நம்புவான்.

ஆகஸ்டில் மூட்டையைக் கட்டிக்கொண்டு சேலத்துக்கே வந்துவிட்டேன். என்னோடு படித்தவன் ஒருவன் இருந்தான், அவனும் பிசிக்ஸில் விழுந்தவன். நான் பிராக்டிகலில் போனேன், அவன் எழுத்துத் தாளில் போனான். எதில் போனாலும் பிசிக்ஸ் முழுவதையும் மறுபடி எழுதியாக வேண்டும். சேலத்திலேயே பிறந்து வளர்ந்த கிறிஸ்தவன், மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. அவனுடைய அப்பா கொத்தனார் மேஸ்திரி, அம்மா தையல் மிஷின் வைத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சட்டை தைப்பார்கள். நான் செவ்வாய்ப்பேட்டையில் ஓர் அறையில் தங்கிக்கொண்டு காலையில் அவன் வீட்டுக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவேன். இரண்டு தோற்றவர்கள் சேர்ந்து படிப்பது போன்ற சலிப்பான காரியம் வேறில்லை. ஒருவன் கொட்டாவி விட்டால் இன்னொருவனுக்கும் வந்துவிடும்.

அவனுக்கு என்னைச் சீண்டாமல் பொழுது போகாது. "ஏனுங்க கவுண்டரே, உங்க ஊரு பூமி இன்னிக்கு எவ்வளவுங்க இழுக்குது?" என்று என் பேச்சையே எனக்குத் திருப்பிப் பேசுவான். பிராக்டிகலில் அவனுக்கு எப்போதும் நல்ல மார்க். எப்படி என்றால், அவன் அளக்கவே மாட்டான். வர வேண்டிய விடையை முதலில் எழுதிக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, எத்தனை வினாடி வந்திருக்க வேண்டுமோ அதைக் கட்டத்தில் நிரப்புவான். அதிலும் ஒரு கைப்பக்குவம் வைத்திருந்தான்.

"தொள்ளாயிரத்து எண்பதுன்னு அப்படியே எழுதினா மாட்டிக்குவே. எழுபத்தாறு எழுது, எண்பத்து மூணு எழுது. நடுவுல ஒரு நம்பரை எழுதி அடிச்சிடு. அடிச்சிருந்தாத்தான் பார்க்கிறவனுக்கு நம்பிக்கை வரும்."

எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். "அதுக்கு எதுக்குடா படிக்கோணும்? சும்மா ஊட்டுல உக்காந்து எழுதிக் குடுத்தரலாமே" என்பேன். அவன் சிரிப்பான். நான் யோக்கியனாக இருந்து விழுந்தேன், அவன் அதே பிராக்டிகலில் ஏமாற்றித் தேறினான். உள்ளே எனக்கு இருந்தது நியாயமான கோபமா வயிற்றெரிச்சலா என்று இப்போது யோசித்தால், இரண்டாவதுதான் கூடுதல்.

ஒரு நாள் மத்தியானம், அவன் வீட்டுக் கூடத்தில் தூளி கட்டுகிற கொக்கியில் நூலைக் கட்டினோம். நுனியில் அவன் அப்பாவின் தூக்குக் குண்டு, சுவர் நேராக எழும்புகிறதா என்று கொத்தனார்கள் தொங்கவிட்டுப் பார்க்கிற அதே குண்டு. அவன் கடிகாரத்தைப் பார்க்க, நான் எண்ணினேன். மூன்று நீளம், மூன்று தடவை. மூன்றும் ஆயிரத்து எண்பதுக்கு மேலே. அவன் அம்மா மிஷினை நிறுத்திவிட்டு, "பாவம் அந்தப் பிள்ளை, முதல்ல சோறு தின்னச் சொல்லு" என்றார்கள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். காட்டுக்கே போய்விடலாம், மாட்டுக்கு இங்கிலீஷ் வேண்டாம் என்று தோன்றியது.

அவன் சும்மா இருக்கவில்லை. பழக்க தோஷம், பின்னோக்கிக் கணக்குப் போட ஆரம்பித்தான். விடை தொள்ளாயிரத்து எண்பது வர வேண்டுமானால் ஒவ்வொரு நீளத்துக்கும் எத்தனை வினாடி வந்திருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதினான். அதற்குப் பக்கத்தில் எனக்கு வந்த வினாடிகளை எழுதினான். முதல் நீளத்தில் வர வேண்டியது நாற்பது, வந்தது முப்பத்தெட்டு. அடுத்ததில் முப்பத்தாறு, வந்தது முப்பத்து நாலு சொச்சம். அதற்கடுத்ததில் முப்பத்தொன்று, வந்தது இருபத்தொன்பதரை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், உனக்குக் குறையறது கண்டபடி குறையலைடா. ஒவ்வொரு தடவையும் சரியா ஒரே ஒரு ஆட்டம் குறையுது. இருபதுன்னு சொல்லிட்டு நீ பத்தொம்பதுதான் எண்ணறே."

"நானா?" என்றேன். அவன் கழுத்தைப் பிடிக்கலாம் போல இருந்தது.

"வாய்விட்டு எண்ணு பார்க்கலாம். மனசுக்குள்ளே வேண்டாம்."

குண்டை இழுத்துப் பிடித்தேன். விட்டேன். விடும்போதே என் வாய் தானாகச் சொன்னது: "லாபம்." குண்டு போய்த் திரும்பியது. "ரெண்டு." மறுபடி. "மூணு."

"நிறுத்து, நிறுத்து. அதென்ன லாபம்?"

களத்தில் அளக்கிறபோது எங்கள் பக்கத்தில் யாரும் ஒன்று என்று ஆரம்பிக்க மாட்டார்கள். முதல் வள்ளத்தைக் குவியலில் அமுக்கும்போதே "லாபம்" என்போம். அதைக் கொட்டிவிட்டு அடுத்த வள்ளத்தை அமுக்கும்போது "ரெண்டு". இருபது என்று சொல்லும்போது இருபதாவது வள்ளம் அப்போதுதான் நிறைய ஆரம்பித்திருக்கும். அதை நிரப்பிக் கொட்டிய பிறகுதான் எழுந்திருப்போம். களத்தில் அது சரியான எண்ணிக்கை, அதில் ஒரு பிசகும் இல்லை. ஊசலில் நான் என்ன செய்தேன்? குண்டை விடும்போதே லாபம் சொல்லிவிட்டு, இருபது என்று வாய் சொன்ன உடனே கடிகாரத்தை நிறுத்தினேன். இருபதாவது ஆட்டம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. நிரம்பாத வள்ளத்தைப் போட்டுவிட்டு எழுந்து போனவன் நான்.

"விடும்போது சைபர்னு சொல்லணும்டா. வாத்தியார் முதல் வகுப்பிலேயே சொன்னாரே" என்றான். சொல்லியிருப்பார். இங்கிலீஷில் சொல்லியிருப்பார். நான் படம் வரைந்துகொண்டிருந்திருப்பேன்.

சைபரிலிருந்து எண்ணினேன். தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு வந்தது. அந்த வருஷம் முழுவதிலும் நான் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு மத்தியானம்தான். அவனும் சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து என் சிரிப்பு உபதேசமாக மாறியது. ஒழுங்காக அளந்தால் ஒழுங்காக வருகிறது பார், பிறகு எதற்கு இந்தத் திருட்டுக் கணக்கு என்று ஆரம்பித்தேன். என் பிழையைக் கண்டுபிடித்ததே அவனுடைய திருட்டுக் கணக்குதான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. தினமும் அதையே சொல்லிச் சொல்லி அவன் உயிரை எடுத்தேன். கடைசியில் அவனுக்கே சலித்துவிட்டது.

"சரிடா சாமி, விடு. இந்தத் தடவை என்ன வருதோ அதையே எழுதறேன். நீயும் எழுதுவியா?"

"நான் எப்பவும் அதத்தானே எழுதறேன்?"

"சத்தியமா?"

"சத்தியமா."

அவன் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டான். நான் சும்மா தலையை ஆட்டினேன்.

செப்டம்பர் வந்தது. எழுத்துத் தாள்களை எப்படியோ எழுதி முடித்தோம். பிராக்டிகலுக்கு இருவரும் ஒரே நாள், ஒரே வேளை. சீட்டு எடுத்தபோது எனக்கு ஊசல் வரவில்லை. செம்பின் வெப்ப எண் கண்டுபிடிக்கச் சொன்னது சீட்டு. செப்புச் சில்லுகளை நீராவியில் சுட வைத்து, தண்ணீரில் கொட்டி, தண்ணீர் எத்தனை டிகிரிக்கு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். விடை ஏறக்குறைய தசம் பூஜ்யம் ஒன்பது ஐந்து. கொட்டுகிற வேகத்திலும் வெப்பமானியைப் பார்க்கிற வேகத்திலும்தான் எல்லாம் இருக்கிறது. எனக்கு வந்த ஸ்டவ் எரியவே இல்லை. ஊசி போட்டுக் குத்தி, பம்ப் அடித்து, அது பிடித்து, தண்ணீர் கொதிக்கிறதற்குள் பாதி நேரம் போய்விட்டது. அவசரப்பட்டேன். சில்லுகளைக் கொட்டும்போது கொஞ்சம் வெளியே சிதறியது. அதைப் பார்த்துப் பதறி, வெப்பமானியை நான் பார்த்தபோது தண்ணீர் ஆற ஆரம்பித்திருந்தது. முப்பத்தைந்து புள்ளி எட்டு. கணக்குப் போட்டேன். தசம் பூஜ்யம் ஏழு ஒன்று.

திரும்பச் செய்ய நேரம் இல்லை. பரீட்சகர் ஒவ்வொரு மேஜையாக வந்துகொண்டிருந்தார். கூடத்தின் மறு கோடியில் அவன் ஒரு கம்பியின் மேல் குனிந்திருந்தது தெரிந்தது. நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எதை நினைத்தேன்? சத்தியத்தையும் நினைத்தேன். கிணற்று மேட்டையும் அப்பாவின் முதுகையும் நினைத்தேன். பெரிய போராட்டம் நடந்தது என்று எழுதினால் பொய். உண்மையில் நான் ரொம்பக் களைத்திருந்தேன், அவ்வளவுதான். இதை இன்னொரு வருஷம் தூக்கிச் சுமக்க என்னிடம் தெம்பு இல்லை. தசம் பூஜ்யம் ஒன்பது இரண்டு வர வேண்டுமானால் எத்தனை டிகிரி என்று பின்னோக்கிப் போட்டேன். முப்பத்தேழு புள்ளி ஆறு. அதை எழுதினேன். அதற்கு முன்னால் வேறொரு எண்ணை எழுதி, அழகாக ஒரு கோடு போட்டு அடித்தேன். பரீட்சகர் பார்த்துவிட்டுத் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வேப்ப மரத்தடியில் அவன் எனக்காகக் காத்திருந்தான். அவனுக்கு வந்தது இசைக்கவை. அதைத் தட்டினால் வினாடிக்கு எத்தனை அதிர்வு என்று ஒரு கம்பியை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

"ஐந்நூத்திப் பன்னெண்டுன்னு கவையிலேயே வெட்டி வெச்சிருக்காண்டா. என் கட்டை விரலுக்குக் கீழேயே இருக்கு. எனக்கு நானூத்தி எழுபத்தொண்ணு வந்தது."

"எழுதினயா?"

"எழுதினேன். அந்த ஆளு என்னையும் பார்க்கிறாரு, கவையையும் பார்க்கிறாரு." சிரித்தான். ஆனால் முகம் வெளுத்திருந்தது. "உனக்கு?"

"தசம் பூஜ்யம் ஒன்பது இரண்டு."

"நிஜமாவா? அளந்தே வந்துதா?"

"அளந்தே வந்துது" என்றேன்.

அவன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். பொறாமை இல்லை, சந்தேகம் இல்லை. எனக்குச் சாயங்கால பஸ் இருந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முடிவு பேப்பரில் எண்களாக வந்தது. என் எண் இருந்தது, அவன் எண் இல்லை. எதில் போனான் என்று எனக்குத் தெரியாது. அவனுக்கு எழுத்துத் தாள் எப்போதுமே தகராறு, அதில் போயிருக்கலாம் என்று எத்தனையோ தடவை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். மார்க் பட்டியலை வாங்கினால் தெரிந்திருக்கும். அவன் வாங்கவே போகவில்லை.

பட்டப் படிப்பில் சேர வேண்டிய காகிதங்களுக்காகச் சேலம் போனபோது அவன் வீட்டுக்குப் போகாமல் திரும்பிவிடத்தான் நினைத்தேன். கடைத் தெருவில் அவனே பார்த்துவிட்டான். வேட்டியில் சுண்ணாம்பு அப்பியிருந்தது. அப்பாவோடு வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னான். மார்ச்சில் மறுபடி எழுதலாமே என்றேன். "போதும்டா, அலுத்துப் போச்சு" என்றான். அந்த அலுப்பு எனக்குத் தெரியும். அவன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், எதிரே கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டுச் சாரத்தின் அடியில் நின்ற தன் அப்பாவிடம் நிறுத்தினான்.

"அப்பா, நான் சொன்னேனே, அது இவன்தான். ஒரு தடவை விழுந்தும்கூட, வந்ததை வந்தபடியே எழுதிப் பாஸ் பண்ணினவன்."

மேஸ்திரி சாந்து பூசுகிற கரணையைக் கீழே வைத்தார். கையில் இருந்த சாந்தை வேட்டியில் துடைத்தார். படித்தவன் என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.